அலை எங்கிட்ட நின்னுருச்சா?

"அவன் எனக்குப் பென்சில் குடுத்தான் டீச்சர். நான் யாருக்கும் எதுவும் குடுக்கல. அப்ப அலை எங்கிட்ட நின்னுருச்சா?"

கேட்டவன் இரண்டாம் வகுப்பு. ஒருவர் செய்யும் நல்லது, தண்ணீரில் கல் போட்டால் கிளம்பும் அலை மாதிரி அடுத்தடுத்த ஆளுக்குப் பரவும் என்று நான் பாடம் சொல்லியிருந்தேன். நான் சொன்ன பதில்: "பரவால்லடா, நாளைக்கு நீ யாருக்காவது ஏதாவது செய்யி. அலை போயிரும்." எந்த டீச்சரும் சொல்லக்கூடிய பதில்தான். இதில் இன்ன இடம் கோணல் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாள் நடந்ததை நினைத்தால் அந்தப் பதில் தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் அவன் கொண்டுவந்தது ஒரு வாசனை ரப்பர். மாம்பழ வடிவம், ஒரு முனை மட்டும் அழித்து அழித்துக் கறுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பெண்ணின் கையில் அதைத் திணித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்து நின்றான், இலைக்காக. பச்சைச் சார்ட்டில் வெட்டிய இலை. நல்லது செய்த பிள்ளையின் பெயரை எழுதி, சுவரில் வரைந்த மரத்தில் ஒட்டுவோம். அவன் பெயரை எழுதி ஒட்டினேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் தங்கை அழுதுகொண்டே வந்துவிட்டாள். ரப்பர் அவளுடையது.

வாங்கிய பெண் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இலை ஒட்ட எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதானோ என்னவோ. "என் இலையப் பிச்சுருவீங்களா டீச்சர்?" என்று இவன் கேட்டான். பிய்க்கவில்லை. பிய்த்திருந்தால் திருட்டு என்று நானே பேர் வைத்ததாகிவிடும். விட்டதால், தங்கை பொருளை எடுத்துக் கொடுத்தாலும் இலை உண்டு என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அப்பத்தா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ராத்திரியெல்லாம் குடுக்கணும் குடுக்கணும்னு ஒரே அனத்தல் டீச்சர். வாங்குனதச் செஞ்சுறணும்ல, மொய்யி மாதிரி."

அந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் மொய் நோட்டைப் பார்த்து வளர்கிறவர்கள். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டைப் புரட்டி, அவர் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல், முடிந்தால் கூட்டியே எழுத வேண்டும். மறந்தால் மானம் போச்சு. மொய்யைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாத எத்தனையோ வீட்டில் காதுகுத்தும் கல்யாணமும் நடப்பது அதை நம்பித்தான். ஆனால் நான் அலை என்று சொன்னது அவன் காதில் கடன் என்று விழுந்திருக்கிறது. பென்சில் வாங்கியவன் கடன்காரன். கையில் இருப்பதோ அந்த ஒற்றைப் பென்சில்.

அவனாகவே அப்படிக் குழப்பிக்கொண்டான் என்று எனக்கு நானே வாதாடியதுண்டு. மற்ற பிள்ளைகளுக்கு நன்றாகத்தானே புரிந்தது? ஐப்பசி மழையில் நிறைந்து கிடந்த ஊருணிக்குக் கூட்டிப்போய்க் கல்லைப் போட்டுக் காட்டினேன். ஒரு நல்லது இப்படித்தான் வட்டம் வட்டமாகப் போகும் என்றேன். அந்த வாரமே வாசலில் செருப்புகள் வரிசையாக நின்றன. சொல்லாமலே குடத்தில் தண்ணீர் நிறைந்தது. பாடம் பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே படித்துறையில், மிதந்த வேப்பிலையைக் காட்டி ஒருத்தி, "இலை அங்கேயேதான் டீச்சர் கெடக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. அலை தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதில்லை. ஏறி இறங்கும் அசைவுதான் போகிறது, இலை நின்ற இடத்திலேயே ஆடுகிறது. வட்டம் பெரிதாகப் பெரிதாக அதே ஆற்றல் நீண்ட சுற்றில் பரவி அலை தணிந்துகொண்டே போகும். எதிர்க்கரைப் படிக்குப் போவதற்குள் கண்ணுக்கே தெரியாது. பாடத்துக்கு ஒத்துவரவில்லை என்று அதை அப்படியே தாண்டிப் போனேன். இவன் கேட்டபோது அந்த இலையைச் சொல்லியிருக்கலாம்: நீ ஆடினாயே, பென்சில் கிடைத்ததும் சிரித்தாயே, அது போதும் என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எட்டுமா, அல்லது எனக்கே நான் சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

நான் சொன்ன கதையும் அப்படி. காரைக்குடிப் பக்கத்தில் நல்லது பரவுவதைச் சொல்ல வள்ளல் அழகப்பரை விட்டால் யார்? செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததையும், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டியதையும், அவர் 1947இல் தொடங்கிய கல்லூரியில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் படித்தார்கள் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். கொடுப்பதற்கு இருந்தவர் கதை அது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர் கதை ஒன்றுகூட என்னிடம் இல்லை.

பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 2010இல் ஃபவுலர், கிறிஸ்டாகிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை மாற்றி மாற்றிக் குழுவாக்கி ஆடவிட்ட ஆட்டத்தில், ஒருவரின் தாராளம் மூன்று ஆள் தாண்டிப் பரவியதாக வருகிறது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆடியவர்கள் எல்லார் கையிலும் போடுவதற்குப் பணம் இருந்தது. 2008இல் வார்னெகன், டொமசெல்லோ செய்த ஆய்வு வேறு மாதிரி. உதவி செய்த இருபது மாதக் குழந்தைகளுக்குப் பொம்மை பரிசு கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தினால், பரிசே வாங்காத குழந்தைகளைவிட அவர்கள் குறைவாக உதவினார்களாம். பச்சைச் சார்ட் இலைகள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் செருப்பு வரிசையாக நின்றது அந்த இலைகளால்தானே?

இப்போதும் கல் போட ஊருணிக்குக் கூட்டிப்போகிறேன். மரம் வரைவதை மட்டும் விட்டுவிட்டேன். வேப்பிலையைப் பற்றி யாராவது கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் நானாக எடுப்பதில்லை.

அவன் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டான். யாராவது பென்சில் கேட்டால் "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்று கூசாமல் சொல்கிறானாம். அவன் வகுப்பு டீச்சர் அதை என்னிடம் குறையாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை.