அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ்

ஜூன் 14, 2024, வெள்ளி

அப்பாவின் காரியம் முடிந்து இரண்டு நாள். பந்தல்கால் பிடுங்கிய குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. தம்பி திருப்பூர் கிளம்பிவிட்டான். "பேப்பரெல்லாம் நீ பாத்துக்கக்கா" என்று பீரோ சாவியைக் கொடுத்தான். சாவியில் அப்பா கட்டிய சிவப்பு நூல்.

வீடு கேரள எல்லைக்குள், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். உயிர் போனது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், அதனால் மரணச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது. அதில் அப்பா பெயருக்குப் பின்னால் 'சாமி' உண்டு. ஆதாரிலும் உண்டு. 1982 பாகபத்திரத்தில் இல்லை. கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீதுகளில் இல்லவே இல்லை. எப்போது அவர் சாமி ஆனார் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் சேத்துனது" என்றாள்.

ஜூன் 17

பக்ரீத். ஆபீஸ் கிடையாது. பகலில் தூங்கினேன்.

ஜூன் 19, புதன்

அக்ஷயா சென்டரில், இங்கத்து இ-சேவை மையம், வாரிசு சான்றிதழுக்குப் போட்டாயிற்று. வில்லேஜ் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் வாக்குமூலம் எடுப்பார்கள், தாலுகா ஆபீஸ் போகும், கெஜட்டில் போடுவார்கள், ஆட்சேபணைக்கு முப்பது நாள். சென்டர் பெண் விரல்விட்டுச் சொன்னாள். 'சாமி' விவகாரத்துக்குத் தனியாக 'ஒண் அண்ட் சேம்' சர்டிபிகேட். அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆள்தான் என்று சர்க்கார் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாக ஒரே ஆளாகத்தான் இருந்தார்.

அந்த மனுவைத் தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே தமிழ்க்காரர்கள் தமிழில் எழுதலாம் என்று அப்பா எப்போதும் வாதாடுவார். ஆபீஸர் மறுக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 21, வெள்ளி

பீரோவின் அடித்தட்டில் பத்திரக்கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் கொச்சி சர்க்கார் முத்திரையோடு ஒன்று, 1118-ஆம் வருஷம். கொல்லம் ஆண்டு என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 825-ஐக் கூட்டினால் 1943. சித்தூர் தாலுகா அப்போது கொச்சி ராஜாவுடையது. அப்பத்தாவுக்கு அந்த வருஷம் ஏழு வயசு.

அதன் நடுவில் மடித்து வைத்த கோடு போட்ட தாள். அப்பா கையெழுத்து. உயில்.

இப்போது எழுத முடியவில்லை.

ஜூன் 22

2014-ல் எழுதியிருக்கிறார். பதிவு செய்யவில்லை. நாற்பது சென்ட்டும் வீடும் எனக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டு ஒன்றரை ஏக்கர் தோப்பு தம்பிக்கு. கீழே இரண்டு சாட்சிகள். அதற்கு மேலே ஒரு வரி: "என் தாயாரை என் காலம்வரை நானே பார்த்துக்கொள்வேன்."

அவ்வளவுதான் அப்பத்தா. தான் முந்திக்கொள்வோம் என்று அவர் நினைக்கவே இல்லை.

தம்பியிடம் சொல்லவில்லை.

ஜூன் 24

அப்பா போனுக்கு ரீசார்ஜ், 28 நாள். கேஸ், பேங்க், எல்லா ஓடிபியும் அதற்குத்தான் வருகிறது.

ஜூலை 1, திங்கள்

சித்தூரில் வக்கீல். முதல் கேள்வியே "ஒஸ்யத்து உண்டோ?" என்பதுதான். உயிலுக்கு இங்கே அந்தப் பெயர். பூச்சி மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது என்று தோன்றி, சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டேன்.

கோர்ட்டில் உயிலை உறுதிசெய்து வாங்கும் ப்ரொபேட் கிப்ரொபேட் எல்லாம் வேண்டாம் என்றார். அது பழைய பிரசிடென்சி நகரங்களின் தலைவலி, நம்மைப் போன்ற இந்துக் குடும்பத்துக்கு இங்கே அது இல்லாமலே உயில் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். "பழைய சட்டத்தில் 68-ஆம் பிரிவு, இன்று முதல் 67" என்று மேஜைமேல் கிடந்த புதுப் புத்தகத்தைத் தட்டினார். சாட்சியச் சட்டமே இன்றுதான் மாறுகிறதாம். எனக்கென்று நாள் பார்த்து மாற்றுகிறார்கள்.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். உயில் இல்லை என்றால்?

"1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். மகன், மகள், மனைவி, அம்மா, எல்லாருக்கும் சமம். உங்கள் அம்மா இல்லை. ஆக மூன்று பங்கு."

உயில் இருந்தால் பாட்டிக்கு?

பேனா மூடியைத் திருகிக்கொண்டே தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை.

ஜூலை 6, சனி

முதல் சாட்சி 2019-லேயே போய்விட்டார். இரண்டாமவர் அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார், மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், வெட்கமாகத்தான் இருந்தது.

வாசலில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கிறார், பிரிக்கிறார், மடிக்கிறார். உயிலின் ஜெராக்ஸை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு. யாரு எழுதுனது?" தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்துத்தான் கேட்டார்.

மருமகள் காபி கொடுத்தார். ஆப்பிளை அவரே நறுக்கினார்.

சாட்சி கிடைக்காவிட்டால் சாட்சியின் கையெழுத்தை, அப்பாவின் கையெழுத்தை வேறு ஆளை வைத்து நிரூபிக்கலாம் என்று வக்கீல் போனில் சொல்கிறார். வழி இருக்கிறதாம். வழி இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 11, வியாழன்

கள் இறக்கும் அண்ணன் வந்தார். வீட்டுத் தென்னையில் ஒன்பது மரம் அவர் ஏறுவது. மர வாடகை இனி யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து கை நீண்டது. அப்பத்தா எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை.

தோப்பில் கள் கிடையாது, அந்தப் பக்கம் 1987-லேயே தடை. அதே தென்னை, அதே மண். "நம்ம மரம் குடிகாரன், உன் மரம் யோக்கியன்" என்று தம்பியைச் சீண்டுவார் அப்பா. அப்படியென்றால் அப்போதே பிரித்துத்தான் வைத்திருந்தாரா?

ஜூலை 22

ரீசார்ஜ். விலை ஏற்றிவிட்டார்கள். பால் சொசைட்டியிலிருந்து அப்பாவுக்குப் பொதுக்குழு அழைப்பு வந்திருக்கிறது.

ஜூலை 30

வயநாட்டில் நிலச்சரிவு. காலையிலிருந்து டிவியை அணைக்க முடியவில்லை. வீடே இல்லை, பீரோவே இல்லை. ஒரு 'சாமி'க்காக அலைகிறேன் என்று புலம்பியதை நினைத்தால் கூசுகிறது. அப்பத்தா சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 9

தோப்புக்குப் பட்டா மாற்ற விஏஓவைப் பார்த்தோம். வாரிசு சான்றிதழ் வரட்டும், மூன்று பெயரில் கூட்டுப் பட்டாவாகப் போடலாம் என்றார். மூன்று பெயர் என்றதும் தம்பி முகம் மாறியது.

எல்லையில், கோபாலபுரம் டீக்கடையில் சொன்னான். அப்பத்தா பங்கு அப்பத்தாவோடு நிற்காது, அவளுக்குப் பின்னால் அத்தைக்கும் அதில் பாத்தியதை வரும். "அத்தை நல்லவங்கதான். மாமாவத்தான் உனக்குத் தெரியுமே." தெரியும். அதனால்தான் பதில் சொல்லவில்லை.

உயிலைக் காட்டினால் அவனுக்கும் லாபம், எனக்கும் லாபம். நஷ்டம் ஒரே ஆளுக்கு, அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஆகஸ்ட் 19

ரீசார்ஜ்.

செப்டம்பர் 5

பேங்கில் நாமினியாக அம்மா பெயர்தான் இருக்கிறது, அம்மா போய் ஆறு வருஷம். பணத்துக்கு வாரிசு யாரென்று கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட் வாங்கி வரச் சொல்கிறார்கள். இருப்பதைவிடச் செலவு கூடிவிடும் போல. தலைவலி, படுக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. மூன்று பெயர், முதல் பெயர் அப்பத்தா. படித்துக் காட்டினேன். "எம் பேரா? எதுக்கு?" என்றாள். நீ அவருக்கு அம்மா இல்லையா என்றேன். அதற்கொரு காகிதமா என்கிற மாதிரி பார்த்தாள்.

இரவு தம்பி போன். ஓணத்துக்கு ஆபீஸ் மூடுவதற்குள் ஒழிமுறி எழுதிவிடலாமாம். எங்கள் பேருக்கு அப்பத்தா விட்டுக்கொடுப்பது. நடக்க முடியாதவர்களுக்கு சப் ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வந்து ரேகை வாங்குவாராம். ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிறவரிடம் பேசிவிட்டான்.

செப்டம்பர் 12

உயில் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. புரண்டால் சத்தம் கேட்கிறது.

தம்பி மத்தியானம் வருகிறான். அப்பத்தாவிடம் ரேகை விஷயத்தை மட்டும் சொன்னேன். கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று ரேகை பார்க்கும் மஸ்டரிங்கில் இரண்டு வருஷமாக அந்த மிஷின் அவள் விரலை எடுப்பதில்லை. புளி உரித்து உரித்துத் தேய்ந்துபோன விரல்.

"ரேகை உழுகாதே கண்ணு, பரவால்லயா?"

அப்பா போன் அடிக்கிறது. யாரென்று பார்த்துவிட்டு வருகிறேன்.