மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரே இணைய இணைப்பு

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பின் மோடம் (அதிலேயே ரவுட்டரும் அடங்கும்) கீழ்த்தளத்துக் கூடத்தில் இருக்கிறது. மகள் படிப்பதும் நான் அலுவலக வேலை பார்ப்பதும் மாடியில். இடையிலுள்ள கான்கிரீட் தளத்தையும் அதனுள் கட்டப்பட்ட கம்பிகளையும் கடப்பதற்குள் வைஃபை அலை வலுவிழந்துவிடுகிறது. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸைவிட விரைவாகத் தேய்கிறது. வைஃபை அலையைப் பெற்று மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் தான் பெறும் தரவை அதே அலைவரிசையிலேயே மீண்டும் அனுப்ப வேண்டியிருப்பதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாடிக்கு ஒரு கேபிளை இழுத்துவிடுவதே நிலையான தீர்வு என்பது என் உறுதியான கருத்து.

கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதில் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும். முழுச் செம்பாலான கேட் 6 கேபிளை, மின்வயர் செல்லும் குழாயைத் தவிர்த்துத் தனிக் குழாயில் கொண்டுசெல்ல வேண்டும். 100 மீட்டர் வரை கவலையில்லை என்பதால் எந்த வீட்டுக்கும் இது தாராளம். முனையில் கனெக்டரைப் பொருத்தும்போது, உள்ளே இருக்கும் எட்டு இழைகளுக்கும் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை இரு முனைகளிலும் மாறாமல் வைக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு இழைகளே போதும், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆகவே மீதி நான்கில் ஓர் இழை சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு வேலை செய்வதுபோலவே தோன்றும், வேகம் மட்டும் 100-ஐத் தாண்டாது. கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிவதைப் பார்த்த பிறகே சுவரில் கிளிப் அடிப்பது நல்லது.

மாடியில் வைக்கும் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இணைய நிறுவனம் பொதுவாக வீட்டுக்கு ஒரே வெளி முகவரியைத்தான் (இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) தருகிறது, வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும், தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளைப் பகிர்ந்தளித்து, எல்லாக் கருவிகளையும் அந்த ஒரே வெளி முகவரியின் பின்னால் வெளியே அனுப்புவது ரவுட்டரின் பணி. மாடி ரவுட்டரும் அதே பணியைச் செய்யத் தொடங்கினால் வீடு இரண்டு வலையமைப்புகளாகப் பிரிந்து, மாடியிலுள்ள பிரின்டர் கீழ்த்தள மடிக்கணினிக்குத் தெரியாமல் போகும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டராயின், அதன் முகவரியை 192.168.1.2 போல மோடத்தின் வரிசையிலேயே மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்து, கேபிளை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் செருகாமல் வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளைகளில் ஒன்றில் செருகினால் போதும்.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரு தளங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் சானல் மட்டும் கீழே 1, மேலே 6 அல்லது 11 என வேறுபட வேண்டும். மின்வெட்டின்போதும் இணையம் வேண்டுமென்றால் மோடம், ரவுட்டர் இரண்டுக்குமே சிறிய யூபிஎஸ் தேவை. வாங்குமுன் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.