ஓரம் சிவந்த பரங்கித் துண்டுகள்

அக்டோபர் பிறந்தால் பாஸ்டன் பக்கத்துப் பண்ணைக் கடைகளில் பட்டர்நட் ஸ்குவாஷ் குவிந்துவிடும். நம் பரங்கிக்காயின் இனம்தான். பாஸ்டன் இருக்கும் இதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1940களில் உருவான ரகம். அம்மா வைக்கும் பரங்கிக் கூட்டை நினைத்துத்தான் முதலில் வாங்கினேன். இப்போது கூட்டைவிட ஓவனில் சுடுவதுதான் அதிகம்.

நறுக்குவதுதான் கொஞ்சம் பாடு. காயின் நீண்ட கழுத்தையும் அடியிலுள்ள குண்டுப் பகுதியையும் முதலில் தனித்தனியாக வெட்டினால் காய் உருளாமல் நிற்கும். தோல் சீவும்போது கசியும் பால் விரலில் காய்ந்து இறுகப் பிடிக்கும். அதனால் முன்பே கையில் எண்ணெய் தடவிக்கொள்வேன்.

ஒரு அங்குலத் துண்டுகள், இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய், உப்பு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம். அவ்வளவுதான். இங்கே பலர் மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிய பாகு) ஊற்றுகிறார்கள்; எனக்குக் காயின் இனிப்பே போதும். ஓவன் சூடு 425 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 220 செல்சியஸ். துண்டுகள் தட்டில் ஒன்றையொன்று தொடக் கூடாது. முன்பு பல தடவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் நெருக்கி அடைத்துச் சுட்டேன்; ஆவியில் வெந்து குழைந்துதான் வந்தது. இடம் விட்டால்தான் நீர் வற்றி ஓரம் சிவக்கும். 20 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் 10, 15 நிமிடம்.

நேற்று தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதுதான். மகள் ஓரம் கருகிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். அப்புறம், விதைகளைக் கழுவி உலர வைத்திருக்கிறேன், நாளைக்கு வறுக்க.