வலிக்காத காது, நாலு மாத அலைச்சல்

காது வலிக்கிறது என்று என் மகள் ஒரு நாளும் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை, சீழ் வடியவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். ஐந்து வயசுப் பிடிவாதம் என்று நினைத்து இரண்டு தடவை அடித்தும்விட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. அவள் டீச்சர்தான், "கடைசி வரிசையில் உட்கார்ந்தால் என் வாயையே பார்க்கிறாள், காதைக் காட்டுங்க" என்றார்.

பாலக்கோட்டில் பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொன்னார் மாமியார், விட்டேன். அதுதான் பெரிய தப்பு. தர்மபுரியில் ஈ.என்.டி. டாக்டர் பார்த்தால், எண்ணெயும் அழுக்கும் அடைத்துக் காது ஜவ்வே தெரியவில்லை. சொட்டு மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாவது தடவை அழுக்கை எடுத்துவிட்டு டெஸ்டுக்கு அனுப்பினார். அந்த அறை பூட்டிக் கிடந்தது. "மேடம் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். சீட்டுப் போடும்போதே சொல்லியிருக்கலாமே! பஸ் ஏறும் முன் போன் போட்டு, டிம்பனோமெட்ரி (காது ஜவ்வு சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) இன்றைக்கு உண்டா என்று பெயர் சொல்லியே கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட் என்னவோ ஒரு நிமிஷ வேலைதான். காதில் ரப்பர் முனையை வைத்தார்கள், வலிக்கவில்லை. மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு இரண்டு காதிலும் தட்டையாக ஓடியது. ஜவ்வுக்குப் பின்னால் நீர் நின்றால் இப்படித்தான் வருமாம். அப்புறம் கேட்கும் திறன் சோதனை. சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவில் ஒரு கட்டையைப் போடணும். மெல்லிய சத்தங்களுக்கு அவள் கட்டையைப் பிடித்தபடியே நின்றாள். அங்கேயே அழுதுவிட்டேன்.

மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் சளியாலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையாலோ சரியாகத் திறக்காமல், அந்த நீர் கோத்துக்கொள்ளுமாம். பசை மாதிரி கெட்டிப்படவும் செய்யுமாம். ஆன்டிபயாடிக்கோ சளி சிரப்போ இதற்கு உதவாது. பெரும்பாலும் 3 மாதத்தில் தானாக வற்றிவிடும். வற்றாமல் கேட்பதும் குறைவாகவே இருந்தால், ஜவ்வில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள்.

காத்திருந்த அந்த 3 மாதமும் முன் பெஞ்சு, முகம் பார்த்துப் பேச்சு, பேசும்போது டிவி நிறுத்தம். பீடிப் புகை ஆகாது என்று மாமனாரிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. சொன்னதும் திண்ணைக்குப் போய்விட்டார்.

போன வாரம் வலது காதில் கோடு எழும்பிவிட்டது. இடது காதில் இன்னும் பாதிதான், அடுத்த மாதம் மறுபடி போகணும். நேற்று சமையல்கட்டிலிருந்து சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டேன். "என்னம்மா?" என்று வந்து நின்றாள்.