கூரை குடித்த தண்ணீர்

சித்திரை வெயிலில் சென்னையே காய்ந்து கருவாடாகிக் கிடந்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரை மட்டும் பொசியத் தொடங்கியது. குடியிருப்பில் ஆளாளுக்கு லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கு மட்டும் இலவசமாக, மேலிருந்தே வந்தது.

முதலில் ஓர் ஓரத்தில் ஓதம். பிறகு பெயிண்ட் உப்பி, பொருக்குப் பொருக்காக உரிந்தது. பிறகு தாளிக்கிற வாணலிக்குள் ஒரு சொட்டு. அது எண்ணெயில் விழுந்து வெடித்த சத்தத்தில்தான், "மாடி வீட்டில் சொல்லி வைக்கலாம்" என்று ஒத்திப்போட்டுக்கொண்டிருந்த விஷயம் அன்றைக்கே பேசியாக வேண்டிய விஷயமானது.

குழாய்க்காரர் வந்து பார்த்தார். "குழாயில் ஒன்றுமில்லை, பூச்சு சரியில்லை" என்றார். கொத்தனார் வந்து பார்த்தார். "பூச்சு இரும்பு மாதிரி இருக்கிறது, குழாயைப் பாருங்கள்" என்றார். இந்த இரண்டு தொழில்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் உலகத்துத் தண்ணீரெல்லாம் கசிகிறது என்று நினைக்கிறேன்.

மாடி வீட்டு மாமி கதவைப் பாதி திறந்தபடியே, "எங்கள் தரை காய்ந்துதான் கிடக்கிறது, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது.

இதற்குள் எங்களுக்குக் கீழே முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் விசாரணையில் சேர்ந்துகொண்டார். எங்கள் வீட்டுக் காபியில் வர்க்கியைச் செங்குத்தாகப் பிடித்து, "பாருங்கள், காபி மேலே ஏறுகிறது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் 30 சென்டிமீட்டர். கான்கிரீட்டில் இருக்கும் துளைகளோ அதைவிட நுண்ணியவை. ஆகவே தண்ணீர் நுழைந்த இடம் வேறு, வெளியே வரும் இடம் வேறு" என்றார். ஊறிப்போன வர்க்கி அப்போது முறிந்து காபிக்குள் மூழ்கியது. அவர் அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "சோதனை செய்தாக வேண்டும்" என்று தீர்ப்பளித்தார்.

சோதனை எளியது. மாடி வீட்டுக் குளியலறையின் வடிகாலைத் துணி வைத்து அடைத்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைப்பது. கீழே நீலம் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். மாமி தரை கறைபடும் என்று மறுத்தார். சங்கச் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றதும் சம்மதித்தார். அடுத்த நாள் மாமா பழக்க தோஷத்தில் குளியலறைக்குள் போய்விட்டு, செயலாளர் வீட்டுக்குப் பேசப் போனார். படிக்கட்டு முழுக்க நீலப் பாதங்கள். லிஃப்ட் பழுதாகி நின்ற வாரம் அது என்பதால் எல்லோரும் தரிசித்தார்கள்.

நாங்கள் கூரையைப் பார்த்தபடியே சமைத்தோம். சொட்டு விழுந்தது, நீலம் வரவில்லை. பளிங்கு போன்ற தண்ணீர்தான்.

நீலம் வந்தது ஆசிரியர் வீட்டில். மாமி வீட்டு வடிகுழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் கழுத்துப் பூச்சு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே வழிந்து, எங்கள் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்து, கீழே வளைவு இருக்கும் இடத்தில் அவருடைய குளியலறைச் சுவருக்குள் புகுந்திருக்கிறது. தும்பைப்பூ நிறச் சுவரில் ஒரு நீலத் திட்டு. நுழைந்த இடம் வேறு, வெளியே வரும் இடம் வேறு என்ற தத்துவம் அவர் வீட்டுக்குள்ளேயே நிரூபணமானதில் அவருக்கு அவ்வளவாக மகிழ்ச்சியில்லை.

எங்கள் சொட்டு தொடர்ந்தது. கொத்தனார் மறுபடி வந்தார். இந்த முறை ஏணியில் ஏறி, கூரையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். சப்புக்கொட்டினார். "ஐயா, இது குளித்த தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீர்."

"சிமெண்ட்டிலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்துதான் எந்தத் தண்ணீரும் இப்படிப் பூக்கும், அது ஓர் ஆதாரமே அல்ல" என்றார் ஆசிரியர் கீழிருந்து. அறிவியல்படி அவர் சொன்னது சரி. ஆனால் கொத்தனார் அதற்குள் மாடிக்குப் போய்விட்டார்.

அங்கே சமையலறைத் தொட்டிக்கு அடியில், காய்கறிக் கூடைகளுக்குப் பின்னால், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாய் வடிகாலிலிருந்து நழுவிச் சுவர் மூலையில் படுத்திருந்தது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவு என்று தள்ளிவிடும் ரகங்கள்தாம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கின்றன. அந்தக் கழிவில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். இயந்திரத்துக்குள் இருக்கும் சவ்வு, கரைந்த உப்பைக்கூடப் பெரும்பாலும் விடாமல் மறித்துவிடுகிறது. அவ்வளவு கறாராக வடிகட்டி வேண்டாமென்று தள்ளிய தண்ணீர், ஓடுகளின் இடுக்கில் சுவறி, ஐந்து அங்குலக் கான்கிரீட்டைத் தடையின்றிக் கடந்து எங்கள் ரசத்தில் இறங்கியிருக்கிறது. சில நாள்கள் ரசத்தில் உப்புத் தூக்கலாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்கிறாள் என் மனைவி. நான் மறுத்துப் பேசவில்லை.

குழாயைத் திரும்பச் செருகி ஒரு கிளிப் போட்டதோடு சொட்டு நின்றது. நன்றாகக் காயும்வரை பெயிண்ட் அடிக்கக் கூடாதென்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். உள்ளே ஈரத்தை வைத்து அடித்தால் மறுபடி உப்பிக்கொள்ளுமாம்.

செலவுக் கணக்குக்காகச் செயலாளர் கூட்டம் கூட்டினார். எங்கள் கூரைக்கு மாமி வீட்டார் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியர் வீட்டுச் சுவருக்கு யார் தருவது என்ற கேள்வி வந்தபோது மாமி நிதானமாக எழுந்து, "தண்ணீர் இவர்கள் வீட்டைத் தாண்டித்தானே கீழே போயிருக்கிறது? வழியிலேயே நிறுத்தியிருக்கலாமே" என்று என்னைக் காட்டினார்.

செயலாளர் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.