கிளினிக் நாளை வைத்துத்தான் மற்றதெல்லாம்

பிள்ளைகள் கொழும்பிலும் டுபாயிலும், அம்மா அப்பா மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ லயத்துக் காம்பராவில். மலையகத்தில் பல குடும்பங்களின் நிலைமை இதுதான். மாதம் காசு போகிறது, தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோம். ஆனால் வைத்தியசாலையில் அடுத்த கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அந்த ஒரு நாள் தவறினால் மருந்தும் தவறும். அதனால் திட்டத்தை அந்த நாளிலிருந்தே போட வேண்டும்.

பாஸ்டிங், அதாவது வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாள் என்றால் முதல்நாள் இரவுச் சாப்பாட்டை எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும், பிளேன்டீ கூடக் கூடாது. காலையில் சீனி மாத்திரையோ இன்சுலினோ வேண்டாம். இரத்தம் எடுத்து, சாப்பிட்ட பிறகுதான். அதற்காக ரொட்டியைக் கட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவர்களுக்குத்தான் வழியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. டிவிஷன், வண்டி வரக்கூடிய கடைசி இடம் இரண்டையும் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள்.

மருந்தில்தான் அதிகம் பிசகுகிறது. வைத்தியசாலையில் மாத்திரையைக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் அந்த உறை ஈரம் இழுத்து, உள்ளே மாத்திரை பொருமி உதிர்ந்துவிடும். மூடி இறுகும் போத்தலுக்கு மாற்றி, அடுப்படிக்குத் தூரமாக வையுங்கள். மாற்றும்போதே உறையில் உள்ள எழுத்தை வெட்டிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். 'மேனே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு, 'பி.டி.' இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை. பக்கத்திலேயே தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள். இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. போன மாதம் வெள்ளையாக இருந்த அதே மருந்து இந்த மாதம் மஞ்சளாக வரும், கம்பெனி மாறியிருக்கும். அம்மா அதைப் புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த வெள்ளையையும் சேர்த்துப் போடுவார். இரட்டை அளவு உள்ளே போகும். பிரஷர் மாத்திரையில் இப்படி நடந்தால் எழும்பும்போதே தலைசுற்றி விழுந்துவிடுவார். கிளினிக்கால் வந்த அன்றே பழையதையும் புதியதையும் மேசையில் பரப்பி, நிறத்தை விட்டுப் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளை வீடியோ கோலில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். கிளினிக் கொப்பியின் அன்றைய பக்கத்தையும் அடுத்த திகதியையும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடச் சொல்லுங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிரஷரை ஏற்றும், சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கூட்டிப் போவது பெரும்பாலும் மருமகள். அவருக்கு அன்று தோட்டத்தில் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. மாமியாருக்குக் காசு அனுப்பும் மகன், மருமகள் இழக்கும் அந்த நாள் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதேயில்லை; இது பெரிய அநியாயம். ஆட்டோக் காசு, சாப்பாட்டுக் காசு, அந்த நாள் சம்பளம் மூன்றையும் கிளினிக்குக்கு முதல் நாளே அவர் பெயருக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது லீவு போட்டு நீங்களே கூட்டிப் போங்கள். வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

இரவில் ஆபத்து கக்கூஸ் போகும் வழியில். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் குளிர், பாசி பிடித்த படி, இருட்டு. படியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஒரு பக்கம் இரும்புக் குழாயைக் கைபிடியாகப் பதியுங்கள். நடமாட்டம் குறைந்தவருக்கு வாளி பொருத்திய கொமட் கதிரையைக் காம்பராவுக்குள்ளேயே வைக்கலாம். எழும்பியவுடன் நடக்காமல், கட்டிலில் கால் தொங்கப் போட்டு ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். குளிருக்குக் கரித்தணலைப் பூட்டிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்க ஒருபோதும் விடாதீர்கள். தணலிலிருந்து வருவது மணமே இல்லாத நச்சு வாயு, தூக்கத்திலேயே உயிர் போகும். கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

கடைசியாகப் பத்திரங்கள். 60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50இலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம். பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்க வேண்டும். தடை வருவது பெயரில்தான்: செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, சேமலாப நிதியின் பி கார்டோடு (உறுப்பினர் அட்டையோடு) தொழில் காரியாலயத்துக்குப் போங்கள். அம்மா அப்பா நல்ல நினைவோடு, தாங்களே கையெழுத்து வைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பக்கவாதம் வந்த பிறகு இதே வேலைக்கு ஒவ்வொரு கந்தோராக அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டி வரும்.