ஓசூர் குளிரில் புல்தரை: டிசம்பரில் யூரியா மூட்டையைத் தொடாதீர்கள்

கார்த்திகை முடிந்ததும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டு முன்புறப் புல்தரையெல்லாம் பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்குப் போகும். அதைப் பார்த்துப் பதறி யூரியாவை அள்ளி வீசுவார்கள். இரண்டு வாரத்தில் ரூபாய் நாணயம் அளவில் தொடங்கிக் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு வட்டங்கள் வரும். அதற்குப் பூஞ்சாண மருந்து அடிப்பார்கள். மாசியில் பார்த்தால் பாதித் தரை மொட்டை.

குளிர் தொடங்கும்போது உரம் போட வேண்டும் என்ற யோசனை அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ பக்கத்துக் காணொளிகளிலிருந்து வருவது. அங்கே அது சரியான வேலைதான். அங்குள்ளவை கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரை புல் என்ற குளிர்நாட்டுப் புல்வகைகள். மண் 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும்போதுதான் அவற்றுக்கு வேர் நன்றாக ஓடும். ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் விதை தூவி, செப்டம்பரிலும் பனி விழுவதற்கு முன்பும் உரம் கொடுத்தால், சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பனிக்கடியில் தூங்கி, வசந்தத்தில் எழும். நம் அருகம்புல்லும் கொரியன் புல்லும் வேறு சாதி. தாவரவியல் கணக்கில் அவை கேழ்வரகின் துணைக்குடும்பம். புளூகிராஸும் ரை புல்லும் கோதுமையின் துணைக்குடும்பம். கேழ்வரகுச் சொந்தத்தைக் கோதுமை போல வளர்த்தால் எப்படி இருக்கும்? நம் புல்லுக்கு 27 முதல் 35 டிகிரி வெயில்தான் விருந்து. மார்கழி இரவுக் குளிரில் அது சாகாது, வளர்ச்சியை மட்டும் நிறுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் யூரியாவிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) திணித்தால் இலை மட்டும் நீர்த்துப் போய் மென்மையாகும். காலை ஒன்பது மணி வரை பனி உட்கார்ந்திருக்கும் இலையில் பூஞ்சாணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆகவே நம் ஊர்க் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். முதல் உரம் ஜூனில், கோடை மழை மண்ணை நனைத்த பிறகு. அடுத்தது ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர், அக்டோபரில்தான் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரு மாவட்டங்களிலும் மழை அதிகம். அப்போது போட்டால் பாதி சாக்கடைக்குப் போகும். மூன்றாவது, பிப்ரவரி கடைசியில் கொஞ்சமாக. அளவு: 100 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 50 கிராம் யூரியா, 10 லிட்டர் நீரில் கரைத்துப் பூவாளியில் ஊற்றி, உடனே வெறும் நீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். கையால் வீசினால் குருணை விழுந்த இடமெல்லாம் கருகும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை எதுவும் வேண்டாம்.

மஞ்சள் நிறம் எல்லாமே பட்டினி என்று நினைக்க வேண்டாம். அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறை. நுனியில் புதிதாக வரும் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும் ஊர்களில் இரண்டாவதுதான் அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். டைல்ஸ், சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை எளிதில் போகாது, முதலில் நீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தூவும் வழக்கமும் அந்த வெளிநாட்டுக் காணொளிச் சரக்குதான். அங்கே பல இடங்களில் மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. மண் பரிசோதனை செய்யாமல் இங்கே அதைக் கொட்டினால் காரம் ஏறி இரும்புக் குறை இன்னும் முற்றும்.

புதிதாகப் போடுபவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஒரு அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, 100 சதுர அடிக்கு 50 கிலோ நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலக்க வேண்டும். எரு மக்காமல் இருந்தால் அதோடு வண்டின் புழுவும் வந்துவிடும். பிறகு உடனே நடாமல் இரண்டு வாரம் நீர் மட்டும் விடுங்கள். கோரை முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி இரண்டு வாரம். பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு மாதத்தை மிச்சம் பிடித்து, பின்னால் வருஷக்கணக்கில் கோரை பிடுங்குவார்கள். சமன் செய்யும்போது வீட்டிலிருந்து வெளிப்பக்கம் எட்டு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருக்கட்டும்.

நர்சரியில் புல் பத்தை (மண்ணோடு வெட்டிய புல் துண்டு) வாங்கும்போது புல்லைப் பார்ப்பதைவிட அடிமண்ணைப் பாருங்கள். களிமண்ணில் வளர்த்த பத்தையை நம் செம்மண் மேல் வைத்தால் இரண்டும் ஒட்டாது. மேலே நீர் தேங்கும், கீழே வேர் இறங்காது. களி தடிமனாக இருந்தால் நீரில் அலசிவிட்டு வையுங்கள். செங்கல் கட்டுவது போல இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும், இடுக்கில் மணல். முதல் பத்து நாள் காலையும் மாலையும் நீர். மூன்றாவது வாரம் பத்தையின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுங்கள். வராவிட்டால் வேர் பிடித்துவிட்டது, வெட்டலாம். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு அருகம்புல்லை இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்கி, மண், சாணம், கொஞ்சம் சாம்பல் சேர்த்துச் சேறாகக் குழைத்து ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசும் பழைய முறை இருக்கிறது. காய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கொரியன் புல்லை வெட்டவே வேண்டாம் என்று விற்பார்கள். வெட்டாமல் விட்டால் ஒரே வருஷத்தில் மேடு மேடாகத் திரளும், பிறகு வெட்டினால் மேட்டுத் தலையெல்லாம் பழுப்பாகத் தெரியும். ஓர் அங்குலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அருகும் அப்படியே. அகன்ற இலையுள்ள எருமைப் புல் (பஃபலோ கிராஸ்) இரண்டு, இரண்டரை அங்குலம். எதுவாக இருந்தாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். இந்த ஒரு விதி கனடாவுக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொது. அலகு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து வெள்ளையாகக் காயும், அதையும் நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு.

ஜூனில் மழை பெய்த மாலைகளில் விளக்கைச் சுற்றி வண்டு மொய்த்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலை போடுபவர்களுக்குத் தெரிந்த அதே வெள்ளை வேர்ப்புழு இரண்டு மாதத்தில் புல்லடியில் இருக்கும். தரை திட்டாகக் காய்ந்து, இழுத்தால் பாய் போலச் சுருண்டு வந்தால் அதுதான். ஓர் அடி சதுரம் தோண்டி எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் கையால் பொறுக்கினால் போதும்; கொத்துக் கொத்தாக இருந்தால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈரமண்ணில் இட வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய கேள்வி. வாரத்துக்கு ஓர் அங்குலம் என்றால் 100 சதுர அடிக்கு சுமார் 236 லிட்டர். ஆயிரம் சதுர அடிக்கு 2360. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை நம்பியிருக்கும் ஊரில் ஆயிரம் சதுர அடி புல்தரை கேட்பது நியாயமில்லை. இருநூறு சதுர அடி போதும். தினமும் தெளிக்காமல் வாரம் இரண்டு தடவை, விடியற்காலையில், நான்கைந்து அங்குலம் மண் நனையும்படி விட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் தடையில்லாமல் அவ்வளவு ஆழம் இறங்கினால் சரி. மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரமாக இருக்கும், குளிர்காலத்தில் அதுவே நோய். குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் (ஆர்.ஓ.) கழிவுநீரைத் திருப்பிவிட வேண்டாம், உப்பு மேலே படியும்.

மாமரத்தடியில் எந்தப் புல்லையும் முயல வேண்டாம். எருமைப் புல்லுக்கே மூன்று நான்கு மணி நேர வெயில் வேண்டும், அருகுக்கு ஆறு மணி நேரம். அந்த இடத்துக்குக் கிரானைட் ஜல்லி இரண்டு அங்குலம் பரப்பிவிடுங்கள், நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்.